பேரன் கேட்ட சொல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். செவலை மாடு போன வெள்ளிக்கிழமை கிடாரிக் கன்று போட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேரன் கேட்டானே, "தாத்தா, பாசம்னா அன்புதானே?" என்று. தமிழ்ப் பள்ளியில் அர்த்தம் எழுதிவரச் சொன்னார்களாம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். படுத்த பிறகு மனசு கேட்கவில்லை.

அன்பை யாரிடமும் காட்டலாம். முகம் தெரியாதவருக்கும் கல்யாணப் பத்திரிகையில் 'அன்புடையீர்' என்றுதான் அச்சடிக்கிறோம். பாசம் ஒருவர் மேல் போய் ஒட்ட வேண்டும். பெற்ற பிள்ளை மேல், கூடப் பிறந்தவர் மேல், வளர்த்த நாய் மேல், வருஷக்கணக்காக வாசலில் கீரை விற்கும் கிழவி மேல்கூட ஒட்டும். ஆனால் ஒரு பெண்ணை விரும்புகிற பையன் அவளிடம் போய் "உன் மேல பாசம்" என்று சொல்ல மாட்டான். சொன்னால் அவள் அவனை அண்ணனாக நினைத்துக்கொள்வாள்.

இன்னொன்று. காதலிக்கிறேன், நேசிக்கிறேன் என்றெல்லாம் சொல்லலாம். பாசத்துக்கு அப்படி ஒரு வினை கிடையாது. பாசம் வைக்கலாம், பாசமாக இருக்கலாம், அவ்வளவுதான். வீட்டில் அதை முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கமும் நமக்கில்லை. "அப்பாவுக்கு உன் மேல கொள்ளைப் பாசம்" என்று அம்மாதான் உன்னிடம் சொல்லியிருப்பாள். நேருக்கு நேர் அந்தச் சொல் வருவதெல்லாம் சண்டையில்தான். "உனக்குப் பாசமே இல்ல."

வடமொழியில் பாசம் என்றால் கயிறு. எமன் கையில் இருப்பது பாசக்கயிறு. நம் திருக்கடையூரில் மார்க்கண்டேயன் மேல் வீசி, லிங்கத்தின் மேலும் சேர்ந்து விழுந்ததாகச் சொல்கிறார்களே, அதேதான். சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்பார்கள். பதி இறைவன், பசு உயிர், பாசம் அந்த உயிரைக் கட்டியிருக்கும் தளை. அப்பாயி விளக்கேற்றிச் சிவபுராணம் சொல்வாளே, நினைவிருக்கிறதா? "பாசமாம் பற்றறுத்துப் பாரிக்கும் ஆரியனே" என்று வரும். அடுத்த வரியே "நேச அருள்புரிந்து" என்று தொடங்கும். பாசத்தை அறுப்பவனே என்று கூப்பிட்ட அதே மூச்சில் மாணிக்கவாசகர் நேசத்தைச் சொல்கிறார். அறுபட வேண்டிய அந்தக் கயிற்றின் பெயரைத்தான் நாம் பிள்ளைப் பாசம், ரத்தபாசம் என்று வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம். அப்பாயி அந்த வரியைச் சொல்லும்போது அவள் கை உன் தலையைத்தான் கோதிக்கொண்டிருக்கும். அவளுக்கு அதில் ஒரு முரணும் தெரிந்ததில்லை.

இன்று காலை கன்றுக்குக் கழுத்துக் கயிறு கட்டினேன். உருவுசுருக்கு போடக் கூடாது. கன்று இழுக்க இழுக்க அது கழுத்தை இறுக்கும். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு, நகராத முடிச்சாகப் போட வேண்டும். என் அப்பா சொல்லிக்கொடுத்தது. விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 2014இல் நீ மெல்போர்னுக்குக் கிளம்பிய நாள் ஞாபகம் வந்தது. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, நாலு பேர் காதில் விழ, "பெத்தவங்க மேல பாசம் இருந்தா இப்படிக் கடல் தாண்டிப் போவியா?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. குனிந்து பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாய். அது ஓரத்தில் மாட்டிக்கொண்டது. விரலால் துணியை உள்ளே தள்ளித் தள்ளி மூடினாய். நான் எழுந்து வந்து ஒரு கை பிடிக்கவில்லை.

அன்றைக்கு நான் போட்டது சுருக்குதான் அம்மா. இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நீ போன் பண்ணாமல் இருந்ததில்லை. நான்தான் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்காமல் விட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அப்பாவை மன்னித்துக்கொள்.

பேரனிடம் பதிலைத் திருத்தச் சொல். பாசம் என்றால் கயிறு என்று தாத்தா சொன்னதாகச் சொல். கன்றின் படம் அனுப்புகிறேன், கழுத்து முடிச்சையும் காட்டு. இன்னும் பேர் வைக்கவில்லை. அவனையே ஒரு பேர் சொல்லச் சொல்.

அப்பா