தூளிக்குள் செல்போன் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூக்கத்துக்கு உதவும் ஒலிகளைப் பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மழைச் சத்தம், அருவிச் சத்தம், ஃபேன் சத்தம், மெல்லிய வீணை என்று பெரியவர்களுக்குச் சொன்னதெல்லாம் சரி. கைக்குழந்தைகளுக்கும் இவை நல்ல பலன் தரும் என்று கடைசியில் ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடியிருப்பது தாராவியில். அந்த ஒரு வரி எங்கள் சந்தில் என்னவாக நடக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

போனில் 'ஷ்ஷ்' என்று இரைகிற வீடியோவைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டி, நூல்சேலைத் தூளிக்குள் பிள்ளையின் தலைமாட்டிலேயே செருகிவிடுகிறார்கள். சில வீடுகளில் சார்ஜர் வயரும் சேர்ந்து உள்ளே போகிறது. பிள்ளை அடங்கிவிடுகிறது. தாய் பாத்திரம் கழுவப் போகிறாள். விடிய விடிய அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். மேலே குடித்தனம், கீழே தையல் மெஷின், பின்பக்கம் இட்லி வியாபாரிகள் வீடு என்று இருக்கிற இடம் இது. ராத்திரி எந்நேரமும் கிரைண்டர் ஓடும். அந்தக் கிரைண்டர் இரைச்சலில் பிள்ளைகள் நன்றாகவே தூங்குவார்கள். அது நின்றதும் முழித்து அழுவார்கள்! சத்தம் சீராக இருக்கும்வரை மூளை அதைக் கண்டுகொள்வதில்லை, திடீரென்று மாறினால்தான் விழித்துக்கொள்கிறது. வெள்ளை இரைச்சல் என்று சொல்கிற அந்த 'ஷ்ஷ்' ஒலியும் இப்படித்தான் வேலை செய்கிறது. இடையில் ஒரு ஹாரன் அடித்தாலும் அது தனியாகத் துருத்திக்கொண்டு கேட்காது.

பலன் இல்லை என்று யாரும் சொல்லவும் முடியாது. 1990-ல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றில், பிறந்து ஒரு வாரத்துக்குள் இருந்த 40 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். இந்த இரைச்சலைக் கேட்ட 20 குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப்போனார்கள். கேட்காத 20 பேரில் ஐந்து பேர்தான் தூங்கினார்கள். வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயின் ரத்த ஓட்டச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே.

சத்தம் எவ்வளவு, எவ்வளவு தூரத்தில் என்பதில்தான் ஆபத்து. 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. குழந்தைகளைத் தூங்கவைக்க விற்கிற 14 கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து அளந்தார்கள். சத்தத்தை டெசிபெல் என்ற அலகில் சொல்வார்கள். 30 செ.மீ. தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபெலைத் தாண்டின. எட்டு மணி நேரத்துக்கு மேல் தொழிலாளிகளே கேட்கக் கூடாது என்று அங்கே வரையறுத்திருக்கும் அளவு அது. மருத்துவமனையின் குழந்தைகள் அறைக்குப் பரிந்துரைத்திருப்பதோ 50 டெசிபெல். கருவியைக் குறைந்தது 200 செ.மீ. தள்ளி வையுங்கள், முழுச் சத்தத்தில் வைக்காதீர்கள், நெடுநேரம் ஓடவிடாதீர்கள் என்று அந்த ஆய்வே சொல்கிறது. தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபெல் கூடும். தூளிக்குள் வைத்தால் காதுக்கும் போனுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. குழந்தையின் காதுத் துவாரம் மிகச் சிறியது என்பதால் கீச்சென்ற ஒலிகள் செவிப்பறையை நம்மைவிட பலமாகத் தாக்கும்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அத்தை, இது இல்லேன்னா கண்ணையே மூட மாட்டேங்கான்" என்றாள். சரி, எடுக்க வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுவோம் என்றேன். என் போனில் உள்ள சத்தம் அளக்கும் ஆப்பில் பார்த்தோம். அது துல்லியமாகக் காட்டாது, ஆனாலும் வித்தியாசம் தெரியும். பிள்ளையின் காதருகே 70-ஐத் தாண்டி நின்றது. பத்துக்குப் பத்து அறையில் இரண்டு மீட்டர் என்றால் எதிர்ச்சுவர்தான். அங்கே சாமி படத்துக்குக் கீழே உள்ள தட்டில் போனை வைத்து, சத்தத்தையும் பாதிக்குக் குறைத்தோம். ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பிள்ளை கொஞ்சம் சிணுங்கினான், அப்புறம் தூங்கிவிட்டான். அரை மணி நேரத்தில் தானாக நிற்கும்படி டைமரும் வைத்துக் கொடுத்தேன். வீடியோவுக்குப் பதிலாக ஒலியை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டால் நடுவில் விளம்பரம் அலறி பிள்ளையை எழுப்பாது. சார்ஜரில் போட்ட போனைத் துணிக்குள் வைக்கவே கூடாது. சூடாகும், தீப்பிடிக்கவும் வழி உண்டு. தொங்கும் வயர் பிள்ளையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பயம் வேறு.

நம் பாட்டிமார் பாடிய தாலாட்டில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பிள்ளையின் கண் சொருகச் சொருகப் பாட்டும் மெதுவாகும், தட்டுகிற கையும் தளரும், தூங்கியதும் நின்றுவிடும். தூக்கத்துக்குப் பேர்போன நீலாம்பரி ராகமே தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. வாய்க்கு வந்த ராகத்தில் ஆராரோ போட்டால் போதும். வேலைக்கு ஓடுகிற தாய்க்கு அதற்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அப்பாவும் தாத்தாவும் இருக்கிறார்களே, அவர்கள் பாடினாலும் பிள்ளை தூங்கும்.

ஒலி பலிக்காத வீட்டில் மருந்துக்குப் போகிறார்கள். இதுதான் எனக்கு அதிக பயம். வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து நாக்கில் தடவுவது ஊர்ப்பழக்கம். ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு, பச்சிளம் பிள்ளைக்கு எது அளவு என்று கல்லில் உரைக்கிற யாராலும் சொல்ல முடியாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைவிட மோசம், சளி மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுப்பது. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

வெளிச் சத்தம் குறைந்தால் இதில் பாதிக்குத் தேவையே வராது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது. கல்யாண ஊர்வலத்து டிஜே எங்கள் சந்துக்குள் வரும்போது அந்த விதி யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். போன் தூளிக்கு வெளியே, இரண்டு மீட்டர் தள்ளி, சத்தம் பாதி அளவுக்குக் கீழே, பிள்ளை தூங்கியதும் நிறுத்த வேண்டும். இவ்வளவு போதும், எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். தடுப்பூசிக்கு வரும் தாய்மார் வரிசையில் நிற்கிற சுவரில் அதை வெட்டி ஒட்ட, சுகாதார மையத்தில் அனுமதி கேட்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தாராவி, மும்பை