செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் இந்த ஆற்றுக்குப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதத்து விக்ரோறியா தின நீள் வார இறுதிக்கு எங்கே போகலாம் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். கனூ என்ற துடுப்புப் படகில் மூன்று நாள் ஒன்ராறியோவின் பிரெஞ்ச் ஆற்றைச் சுற்றி வரலாம், சனிக்கிழமை காலை ரொறன்ரோவிலிருந்து வெளிக்கிட்டால் திங்கள் இரவு வீட்டில் நிற்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். படங்களும் நல்ல வடிவு. ஆனால் போன வருடம் அதே வார இறுதியில், அதே கணக்கோடு போய், ஒரு பாறைத் திட்டில் அகப்பட்டு, செவ்வாய் பின்னேரம் வரை வீட்டுக்கு ஒரு தகவலும் கொடுக்க முடியாமல் இருந்த நாலு பேரில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போக வேண்டிய இடம்தான். நிப்பிசிங் ஏரியில் தொடங்கி, ஹியூரோன் ஏரியின் ஜோர்ஜியன் விரிகுடாவில் விழும் சுமார் 110 கிலோமீற்றர் ஆறு, கனடாவின் மரபுரிமை ஆறுகள் என்ற பட்டியலில் 1986 இல் முதலாவதாகச் சேர்க்கப்பட்டது. 1615 இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி ஷம்ப்ளேன் விரிகுடாவுக்கு இறங்கியதும் இந்த வழியால்தான், அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கத்தைய பூர்வீகக் குடிகளான அனிஷினாபே மக்களின் பாதையும் இதுதான். பிறகு தோல் வியாபாரக் காலத்தில் மரப்பட்டைக் கனூக்களில் சாமான் ஏற்றி வந்தவர்கள், 90 இறாத்தல் மூட்டை இரண்டை ஒரே தடவையில் முதுகில் சுமந்து நீர்வீழ்ச்சிகளைக் கரையால் தாண்டியவர்கள், அப்பேர்ப்பட்ட ஆட்களே இங்கே கவிழ்ந்திருக்கிறார்கள். 1960களில் இந்த ஆற்றின் விரைவோட்டங்களுக்குக் கீழே சுழியோடிகள் இறங்கித் தேடியபோது கோடாரித் தலைகளும் துப்பாக்கி ரவைகளும் அகப்பட்டனவாம். தொழிலாகச் செய்தவர்களுக்கே அந்தக் கதி. எங்களுடைய தகுதியோ வெள்ளிக்கிழமை இரவு கொஸ்ற்கோவில் சாமான் வாங்கியது மட்டும்தான்.

நாங்கள் நாலு பேர்: நான், அக்காவின் கணவர், அவர்களின் 19 வயது மகன், ஊரில் என்னோடு படித்த நண்பன் ஒருவன். இரண்டு கனூ. ஹார்ட்லி பே என்ற இடத்தில் இறங்கி, ஆற்றின் மேற்கு வாய்க்காலால் போய், பழைய வொயேஜர் வாய்க்கால் என்ற கிளையால் விரிகுடாவைத் தொட்டு, கரையோரமாகக் கிழக்கே வந்து, ஆற்றின் பிரதான வாயால் ஏறித் திரும்புவதுதான் திட்டம். வரைபடத்தில் நூல் பிடித்து அளந்து, மூன்றால் பிரித்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எழுதிவைத்தோம். பிழை அங்கேதான் தொடங்கியது.

ஆறுதானே, ஓட்டம் தள்ளிக்கொண்டு போகும் என்று நினைத்தோம். கீழ்ப்பகுதியில் ஓட்டம் இருப்பதே தெரியாது. ஏரிகளைக் கோர்த்து வைத்ததுபோலக் கிடக்கிறது தண்ணீர், நீங்கள் துடுப்புப் போட்டால்தான் நகரும். பழகியவர்கள் மணிக்கு நாலு கிலோமீற்றர் போவார்களாம். பழகாதவர்கள் முதலில் ஒரு மணித்தியாலம் வட்டம் அடிப்பார்கள், அதாவது நாங்கள். பின்னால் இருப்பவர் ஒவ்வொரு துடுப்பின் முடிவிலும் கையைத் திருப்பி வெளிப்பக்கம் தள்ளினால்தான் கனூ நேராகப் போகும் என்பதை மருமகன் காட்டித் தரும்வரை அத்தானும் நண்பனும் கரைக்குக் கரை பாய்ந்துகொண்டிருந்தார்கள். எதிர்க்காற்றில் வேகம் பாதியாகும். தூக்கி நடக்க வேண்டிய இடங்களில் சாமானுக்கு ஒரு தடவை, கனூவுக்கு ஒரு தடவை, ஆக அந்தத் துண்டை மூன்று முறை நடக்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் நாளுக்கு 12 கிலோமீற்றருக்கு மேல் எழுதாதீர்கள், அதையும் உங்கள் குழுவில் மிகவும் மெதுவான ஆளை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்த ஆள் யார் என்று வெளிக்கிட முன்னமே எல்லோருக்கும் தெரிந்திருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

சாப்பாட்டு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூளர் இரண்டு, பத்துக் கிலோ அரிசி, அப்புறம் அத்தான் ஆசையாகக் கொண்டுவந்த கருவாடு. கருங்கரடி உலாவுகிற காட்டில் கருவாடு! சாப்பாடு, பற்பசை, சோப், மணக்கிற எதுவென்றாலும் ஒரு பையில் போட்டு நிலத்திலிருந்து நாலு மீற்றர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளித் தொங்கவிட வேண்டும், கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கற்கூட வைக்கக் கூடாது. கருவாட்டுப் பையைத் தொங்கவிட்ட இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. வந்தது ஒரு அணில் மட்டும்தான், அது வேறு கதை. உண்மையில் கைகொடுத்தது அக்கா தந்துவிட்ட வறுத்த மாவும் இடிச்ச சம்பலும். ஒரு சின்ன அடுப்பு, ஒரு சட்டி, ஒரு துணி இருந்தால் காற்றுக்கு மறைவில் கால் மணித்தியாலத்தில் புட்டு அவிக்கலாம். சம்பல் நாலு நாளும் கெடவில்லை. கூளருக்குள் இருந்த இறைச்சி இரண்டாம் நாளே சந்தேகத்துக்குரிய நிலைக்கு வந்துவிட்டது.

ஞாயிறு பின்னேரம் விரிகுடாவுக்கு வந்து சேர்ந்தோம். இளஞ்சிவப்புப் பாறை, ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்த பைன் மரங்கள், கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். அந்தப் பைன் ஏன் அப்படிச் சாய்ந்திருக்கிறது என்று யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம். கரையில் மறைவான இடம் இருக்க, வடிவாக இருக்கிறது என்று ஒரு சின்னத் திட்டில் போய் இறங்கினோம். பாறையில் முளை இறங்காது, கல்லை வைத்துக் கூடாரக் கயிறுகளைக் கட்டினோம். இரவு பத்து மணிக்குக் காற்றுத் தொடங்கியது. ஊரில் சோளகம் வீசும்போது கடல் எப்படி இருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் நித்திரை கொண்டிருக்கிறோம். இதுவும் தென்மேற்கு. விடிய எழும்பிப் பார்த்தால் விரிகுடா முழுக்க வெள்ளை நுரை. முன்னுக்குப் போவதற்கும் திறந்த தண்ணீர், வந்த வழியே திரும்பவும் அதே திறந்த தண்ணீர்.

நாங்கள் கடக்க வேண்டியது ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. வரைபடத்தில் ஒரு விரல் அகலம். காலை பத்து மணி வரை பார்த்தோம், காற்றுக் குறையவில்லை. அத்தானுக்குச் செவ்வாய் காலை ஆறு மணிக்கு வேலை, நண்பனுக்கும் அப்படித்தான். அத்தான் படுக்கைப் பையைச் சுருட்டத் தொடங்கினார். "ஒரு எட்டுத்தானே, பத்து நிமிசத்தில போயிடலாம், நாங்கள் பார்க்காத கடலே" என்றார். நானும் மறுக்கவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், எனக்கும் அன்று அது நியாயமாகவே பட்டது.

மருமகன் ஒன்றும் சொல்லாமல் வெறும் நாலு லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்றை மூடி, எங்களிடம் இருந்த மிதக்கும் கயிற்றின் நுனியில் கட்டி, அலை ஓடுகிற பக்கமாக எறிந்தான். கிட்டத்தட்ட ஒரு மனிதத் தலை அளவு கலன். "நின்று பார்க்காதேங்கோ, கனூவில இருக்கிற உயரத்துக்குக் குந்திப் பாருங்கோ" என்றான். குந்தினோம். 15 மீற்றர் கயிறுதான். கலன் ஒரு தரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை, திரும்ப வேறு இடத்தில் தெரிந்தது. "அப்பா, அது நீங்கள். நான் மற்றக் கனூவில இருந்து உங்களைத் தேடுறன். நான் வரேல்லை" என்றான். அத்தான் படுக்கைப் பையைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்த் தனியாக இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

பெடியன் நகரசபை நீச்சல் தடாகத்தில் உயிர்காப்பாளர் பயிற்சி எடுத்தவன். மே மாதத்து விரிகுடாத் தண்ணீரில் விழுந்தால் என்ன நடக்கும் என்று அன்று பின்னேரம் ஆறுதலாகச் சொன்னான். மனிரோபா பல்கலைக்கழகத்துக் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்பவர் பரப்பிய கணக்கு ஒன்று இருக்கிறது: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு எங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, வாயைத் திறந்து இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம் கை கால் சொல்வழி கேட்கும். அதற்குப் பிறகு விரல் மடங்காது, கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாது. குளிரால் நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் இருக்கிறது, ஆனால் லைஃப் ஜக்கெற் இல்லாதவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் வாய்க்காது, கை சோர்ந்தவுடனேயே தாழ்ந்துவிடுவார். சட்டப்படி பார்த்தால் பெரியவர்கள் ஜக்கெற்றை அணிய வேண்டும் என்றில்லை, ஆளுக்கு ஒன்று அளவானதாகக் கனூவில் இருந்தால் போதும். அதனால்தான் பாதிப் பேர் அதைக் கழற்றிக் குந்துவதற்கு மெத்தையாகப் போட்டுக்கொள்கிறார்கள். கவிழ்ந்த பிறகு, அந்த முதல் நிமிடத்தில், தண்ணீருக்குள் நின்று அதை மாட்ட ஒருவராலும் முடியாது. எங்களுக்குக் கனூ வாடகைக்குத் தந்த இடத்தில் கொடுத்த நாலு ஜக்கெற்றில் ஒன்றுக்கு ஸிப் பூட்டவில்லை, இன்னொன்று சின்னப் பிள்ளையின் அளவு. நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் நாங்களும் போட்டுப் பார்க்காமல் அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். ஒவ்வொன்றையும் போட்டு, பூட்டி, தோள்ப்பட்டியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை. விசிலும் 15 மீற்றர் மிதக்கும் கயிறும் தண்ணீர் இறைக்க ஒரு கோப்பையும் கட்டாயம்.

நீந்தத் தெரியும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஆழத் தண்ணீரில் உருண்டு விழ வேண்டும், ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மிதக்க வேண்டும், பிறகு 50 மீற்றர் நீந்த வேண்டும். உயிர் தப்புவதற்கு ஆகக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று கனடிய உயிர்காப்புச் சங்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. திரும்பி வந்து நான் தடாகத்தில் செய்து பார்த்தேன். 25 மீற்றரில் சுவரைப் பிடித்துவிட்டேன். கடற்கரை ஊரில் பிறந்தவன் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள்.

நாங்கள் திட்டில் இருந்த நேரம் வீட்டில் நடந்ததுதான் இன்னும் மோசம். அந்தப் பக்கம் போன் எடுக்காது. திங்கள் இரவு பத்து மணிக்கு அக்கா பொலிசுக்கு அடித்திருக்கிறா. அவர்கள் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். எந்த ஆறு, எந்த இடத்தில் இறங்கினார்கள், காரை எங்கே விட்டார்கள், இலக்கத்தகடு என்ன, கனூ என்ன நிறம், எத்தனை நாள் சாப்பாடு இருக்கிறது, யாருக்காவது மருந்துக் குளிசை தேவையா. அக்காவுக்குத் தெரிந்த ஒரே பதில் கடைசிக் கேள்விக்குத்தான், அத்தானின் பிறெஷர் குளிசை. மற்றதெல்லாம் "சட்பரிப் பக்கம் ஒரு ஆறு". பார்க் அனுமதிச் சீட்டு மருமகனின் பெயரில், அவனுடைய போனில், அந்தப் போன் எங்களோடு பாறையில். செவ்வாய் விடியக் காலை நாலு மணிக்குக் காற்று விழுந்தது, ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம், அந்த ஒரு கிலோமீற்றரைப் பால்போலக் கிடந்த தண்ணீரில் தாண்டினோம். நேரம் பார்த்தேன், 14 நிமிடம். பின்னேரம் நெடுஞ்சாலை 69க்கு ஏறி முதல் சிக்னல் வந்தவுடன் நாலு போனும் ஒரேயடியாக அடிக்கத் தொடங்கின. அக்கா என்னோடு பேசவில்லை, போனை மகனிடம் கொடுக்கச் சொன்னா.

இப்படி ஒரு கட்டுரையை அடுத்த முறை போடும்போது தயவுசெய்து அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, அக்காவிடம் பொலிஸ் கேட்ட கேள்விகளை அப்படியே அச்சடித்து, பதில் எழுத இடம் விட்டுப் போடுங்கள். வெட்டி நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டலாம். எத்தனை மணி தாண்டினால் பொலிசுக்கு அடிக்க வேண்டும் என்ற நேரத்தையும் அதில் எழுத வேண்டும், "பின்னேரம்" என்று எழுதக் கூடாது. அத்தோடு, மூன்று நாள் பயணத்துக்கு நாலு நாள் லீவு என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். நாலாவது நாள் காற்றுக்கு. அதை எடுக்க முடியாதவர்கள் விரிகுடாவைத் தொடாமல் உள் வாய்க்கால்களிலேயே இரண்டு இரவு தங்கிவிட்டு வரட்டும், அங்கேயும் பாறையும் பைனும் இருக்கிறது.

இந்த வருடம் நாங்கள் திரும்பப் போகிறோம். மே மாதம் வேண்டாம் என்று ஓகஸ்ற் கடைசிக்கு மாற்றியிருக்கிறோம், தண்ணீரும் சூடு, கறுப்பு ஈயும் இருக்காது. அத்தான் இரண்டு நாள் மேலதிக லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா மூன்று நிபந்தனை போட்டிருக்கிறா, அதில் ஒன்று கருவாடு. அதை மட்டும் அத்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகன்