மூலப் படங்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களின் முகப்பைக் கேமராவால் அளப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகள் டேப்பும் தூக்குக்குண்டுமாகச் சாரத்தில் ஏறி இறங்கிய வரைவாளன் நான். அந்தக் கேமரா முறையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அது பிறந்ததே சாரத்து ஆளின் பயத்தில்தான். 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மெய்டன்பவர் என்ற கட்டடக் கலைஞர் மேலிருந்து விழப் பார்த்தார். படத்திலிருந்தே அளந்துவிடலாமே என்று அதன்பிறகுதான் தோன்றியது. 1885இல் பெர்லினில் அதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் வந்தது. அங்கே காத்துவைத்த, படம் பதிந்த கண்ணாடித் தகடுகள், இரண்டாம் உலகப் போரில் இடிந்தவற்றைத் திரும்பக் கட்டியபோது கைகொடுத்தன.

கட்டுரை சொல்லாமல் விட்டது இந்தக் காத்துவைத்தலைத்தான்.

புதுச்சேரியில் எங்கள் தெருவில் தாழ்வாரம் வைத்த வீடு ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார் படமெடுத்தார்கள். நட்ட நடுப்பகல். தாழ்வாரத்து நிழலில் தூண் தலையிலிருக்கும் போதிகையின் செதுக்கல் கரித்துண்டாகத் தெரிகிறது. திண்ணையை மறைத்து இரண்டு மோட்டார் சைக்கிள்கள். சுவரில் ஓர் அளவுகோலைக்கூடச் சாத்தவில்லை. நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்தார்கள். தெருவோடு நகர்ந்து, ஒரு படத்தில் பாதிக்கு மேல் அடுத்ததிலும் விழும்படி எடுத்தால்தான் ஆழம் கிடைக்கும். வெள்ளையடித்த வெறுஞ்சுவரில், படத்தோடு படத்தைப் பொருத்தக் கணினிக்குப் பிடிமானம் இருக்காது. நாலு குறிச்சீட்டாவது ஒட்டியிருக்கலாம். கடைசியில் வீட்டுக்காரர் கைக்கு வந்தது, அழகாக ஒட்டிச் சேர்த்த ஒரே ஒரு படம். மூலப் படங்களைக் கேட்டதற்கு, கணினியை மாற்றியபோது போய்விட்டன என்றார்கள்.

2014 நவம்பர் 29 அன்று, மழையில் கடற்கரைச் சாலையில் மேரி என்கிற பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம் சரிந்ததைப் பார்த்த ஊர் இது. அதே தோற்றத்தில் புதிதாக எழுப்பி 2021இல் திறந்தார்கள். அரசுக் கட்டடம், நடந்தது. தெருவீட்டுக்கு யார் வருவார்கள்?

இனி இந்த வேலைக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள், சுருக்காத மூலப் படங்களையும், சுவரில் டேப் பிடித்து அளந்த நாலைந்து தூரங்களையும், எடுத்த தேதியையும் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை என்று எழுதட்டும். ஒரு பிரதி ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும். அந்த நாலைந்து தூரங்களை அளக்க அரைநாள் போதும். ஏணி பிடிக்க ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருவர்,
புதுச்சேரி