மூன்றாம் நாள் பின்வாங்கிய கடல்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி வாசித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டித்வா புயல் நேரம் என்ன பாடுபட்டோம் என்று கேட்டிருந்தாய்.

எங்கள் பக்கம் மழையோடு போயிற்று. கொலன்னாவையில் தங்கச்சி வீட்டில்தான் கஷ்டம். நானும் அவள் புருஷனும் இரவிரவாக மண்மூட்டை அடுக்கினோம். வாசலை அடைத்துவிட்டு நிமிர்ந்தால், குளியலறைக் குழாய்வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. பிறகு மழை விட்டு வெயிலும் எறித்தது. ஆனாலும் வெள்ளம் ஏறியது. மலைநாட்டில் பெய்ததெல்லாம் களனி ஆற்றோடு அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. நாகலகம் வீதியில் ஆற்றுமட்டம் எத்தனை அடி என்று போனைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துவிட்டது.

1978 நவம்பர் 23 புயல் இரவு உனக்கு நினைவிருக்கும். மட்டக்களப்பில் கூரை பறந்தபோது அம்மா மாமாங்கேஸ்வரரைக் கூப்பிட்டார். காற்றின் இரைச்சலில் குரல் கேட்கவில்லை, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. கொலன்னாவையில் சத்தமே இல்லை, மச்சான். அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தங்கச்சி என்னைக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கூட்டிப்போனாள். நாங்கள் சைவம்தான், ஆனால் கொழும்பில் அங்கே போகாதவர்கள் யார்? அந்தக் கோயிலின் கதை உனக்குத் தெரியுமா? ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் கத்தோலிக்க மதத்துக்குத் தடை, அதனால் குருமார் ஒளிந்து திரிந்தார்கள். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ அடிகளும் அப்படித்தான். முகத்துவாரத்து மீனவர் கிராமத்தைக் கடல் அரித்துக்கொண்டிருந்ததாம். அவர்கள் கேட்டதும் அவர் கரையில் ஒரு சிலுவையை நட்டு மன்றாடினாராம். மூன்றாம் நாள் கடல் பின்வாங்கி மணல் தெரிந்தது என்பார்கள்.

தலைமுறை தலைமுறையாகக் கடலோடு பழகியவர்கள், உயிருக்கு ஒளிந்து திரிந்த ஒரு மனிதனிடம் போய் "எங்களால் முடியவில்லை" என்றார்களே, அதை நினைத்து அங்கேயே வெகுநேரம் நின்றேன். படையும் பீரங்கியும் வைத்திருந்தது ஒல்லாந்தர். ஆனால் கடலை நிறுத்தச் சொல்லி அவர்களிடம் யாரும் போகவில்லை.

தங்கச்சி நன்றி சொல்லி மெழுகுதிரி ஏற்றினாள். வீடு மூழ்கினதற்கா நன்றி என்று கேட்டேன்.

"தண்ணி இறங்கிச்சுதானே அண்ணா. நாங்களா இறக்கினோம்?" என்றாள்.

நாடு முழுக்க 600-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அந்த வீடுகளில் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அவள் சொன்னது பொய்யில்லை என்றே நம்புகிறேன். நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

ஜூன் 13 திருவிழாவுக்கு வந்தால் இங்கேயே தங்கலாம். பேரனின் படம் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்