'க்யூ' வில்லனா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அறிவியல் புனைவுத் தொடர்களின் வில்லன்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொலைக்காட்சித் தொடரில் வரும், எல்லாம் வல்ல வேற்றுலக உயிரான 'க்யூ'வையும் அப்பட்டியலில் சேர்த்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1987இல் முதல் அத்தியாயத்திலேயே நீதிபதியின் அங்கியில் தோன்றி மனித குலத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய அவர் (நடிகர் ஜான் டி லான்சியின் அந்தக் குறும்புச் சிரிப்பை மறக்க முடியுமா!), 1994இல் இறுதி அத்தியாயத்தில், அவ்விசாரணை முடியவே இல்லை என்று அறிவித்தபடி திரும்பி வருகிறார். விரல் சொடுக்கில் நாயகர்களின் விண்கலத்தை 'போர்க்' என்னும் பாதி இயந்திர வேற்றுலகக் கூட்டத்தின்முன் தள்ளி 18 பேரின் சாவுக்குக் காரணமானவர் அவர்தான்; ஆயினும், கலத்தின் கேப்டன் பிக்கார்டு இறுமாப்பைக் கைவிட்டு உதவி கேட்டதும் கலத்தை மீட்டவரும் அவரே. இறுதி அத்தியாயத்திலும், மனித குலம் அழியாமல் காக்கும் வழியைப் பிக்கார்டுக்குக் குறிப்பால் உணர்த்துபவரை, கண்டிப்பான, சற்றே கொடூரமான ஆசிரியர் என்று சொல்லலாமே தவிர, வில்லன் என்று எப்படிச் சொல்வது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்