பத்து மூட்டை டோலோமைட்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு இடுப்பு வலிதான், பழையபடி. நீ வேளைக்குச் சாப்பிடு.

மேல் காட்டில் மக்காச்சோளம் விதைத்து இன்றோடு 25 நாள். போன முறை படுத்துப்போன அதே ஆப்பிரிக்கன் டால் தீவன ரகம்தான், அரை ஏக்கருக்கு 8 கிலோ விதை. முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஒரு செடியில்கூட இலை ஓரம் ஊதாவாகவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். போன முறை வேர் கட்டை கட்டையாய், நுனி கருகிக் கிடந்ததே, இப்போது வெள்ளையாய்ச் சல்லிவேர் விட்டு ஓடியிருக்கிறது. உனக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தாய். வேலை நேரமாக இருந்திருக்கும். ஆனால் ராத்திரியும் அப்படியே இருந்தது.

பங்குனியில் கோடை மழை விழுந்ததும் மண்ணின் புளிப்பு குறைய 10 மூட்டை டோலோமைட் சுண்ணாம்புப் பொடி இறக்கிக் கொத்திக் கலந்துவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் மண்ணை அப்படியே விட்டுத்தான் விதைத்தேன். எல்லாம் நீ சொன்ன கணக்கு.

கீழ் லைன் பையன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். உங்கள் பக்கம் கம்பெனிகளில் ஆளைக் குறைக்கிறார்கள் என்றான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நீ அனுப்புகிற பணம் மாசாமாசம் சரியாக வருகிறது. கடன் வாங்கி மட்டும் அனுப்பாதே. ஒரு மாசம் வராவிட்டால் இங்கே ஒன்றும் குறைந்துவிடாது. வேளைக்குச் சாப்பிடு.

தேயிலை வளர்ந்த மண்ணில் எதுவும் வளரும் என்று அன்றைக்கு நான் கத்தினேன். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும், சோளத்துக்கு ஆகாது. மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும், போடுகிற மணிச்சத்தையும் மண்ணே பிடித்துக்கொள்ளும் என்று நீ பொறுமையாகச் சொன்னாய். 19 வயது உனக்கு. யூரியா இன்னும் புளிக்க வைக்கும் என்றாய். நான் வீம்புக்கு ஒரு மூட்டை கூடுதலாகப் போட்டேன். நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். எதற்கும் வாயை மூடிக்கொள்வது உன் பழக்கம், இப்போதும் அப்படித்தான் இருக்கிறாய்.

தம்பி, மண் பரிசோதனை முடிவு வரவேயில்லை என்று உன்னிடம் சொன்னேன். வந்தது. விதைக்கும் முன்பே வந்தது. கார அமில நிலை 4.6, அவ்வளவு புளிப்பு, ஏக்கருக்கு ஒரு டன் சுண்ணாம்பு என்று போட்டிருந்தார்கள். சுண்ணாம்புக்கென்று நீ கொடுத்த பணத்தை நான் வட்டிக்குக் கட்டியிருந்தேன். அதைச் சொல்ல வாய் வராமல் தாளை டிரங்குப் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். பயிர் படுத்ததும் மாமா முன்னால், ‘படித்தவன் போட்ட சோளம்’ என்று உன்னைத்தான் சொன்னேன். தீவனமில்லாமல் கிடேரியை விற்ற அன்று நீ சாப்பிடாமல் பஸ் ஏறினாய். அப்போதும் நான் சொல்லவில்லை. அம்மாவுக்கும் நேற்றுதான் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

குருத்தில் படைப்புழு இறங்குகிறதா என்று தினம் பார்க்கிறேன். ராத்திரி யானைக்குப் பரணில் காவல். கதிர் பால் பிடிக்க இன்னும் ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேலாகும். அப்போது அறுத்து, பாதியை நறுக்கிக் காற்றுப் புகாமல் அமுக்கிக் குழியில் போட வேண்டும். அந்தப் பக்குவம் எனக்குத் தெரியாது. லீவு கிடைத்தால் வா. லீவு கேட்க வேண்டிய வேலையே இல்லையென்றாலும் வா.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி.

உன் அப்பா