மூன்று பாட்டு நேரம்

எங்கள் தெருவுக்கும் ஆற்றங்கரைத் தெருவுக்கும், பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்ட எல்லாருக்கும் வணக்கம்.

கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். என் மகளை நாய் கடித்து மூன்று மாதமும் சில நாட்களும் ஆகின்றன. நன்றி சொல்ல இவ்வளவு நாளா என்று கேட்பீர்கள். பயம் விடவில்லை, அதுதான் உண்மை. ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய், கடித்த மறுநாளே வருவதில்லை, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்துவிட்டால் தண்ணீரைக் கண்டாலே மிரளுவார்கள், காப்பாற்ற மருந்தில்லை என்பதும் தெரியும். எல்லா ஊசியும் முடிந்து, இனிக் கவலைப்படாதீர்கள் என்று அவரே சொன்ன பிறகும், ராத்திரி அவள் தண்ணீர் குடிக்கும்போது டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "என்னப்பா அப்படிப் பாக்குறே?" என்பாள். போன வாரம்தான் ஒருநாள் பார்க்க மறந்துபோனேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ரேஷன் கடைத் திண்ணைக்கு அடியில் செவலை நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. ஒன்பது வயதுப் பெண், குட்டியைக் கண்டதும் தூக்கிவிட்டாள். தாய் பாய்ந்தது. வலது மணிக்கட்டில் ஒரு கடி, இடது கன்னத்தில் ஒரு கடி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி.

நான் ஓடி வருவதற்குள் டீக்கடை அக்கா அவளைக் குழாயடியில் உட்காரவைத்து, துணி துவைக்கிற சோப்புக்கட்டியைக் கையில் எடுத்திருந்தார். தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, கழுவி, மறுபடி சோப்பு போட்டு. பிள்ளை கத்துகிறாள், அடுப்பில் பால் பொங்குகிறது, அக்கா நிமிரவே இல்லை. "போதும்க்கா, ரத்தம் நின்னுடுச்சு" என்றேன். "கால் மணி நேரம் கழுவணும், நீ சும்மா இரு" என்றார். கையில் கடிகாரம் கிடையாது. ரேடியோவில் மூன்று பாட்டு முடிந்த பிறகுதான் குழாயை மூடினார். எப்போதோ அங்கன்வாடிக் கூட்டத்தில் கேட்டதாம். இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும், நரம்பைப் பிடிப்பதற்கு முன்னால் கழுவித் தள்ளியதெல்லாம் லாபம் என்று தஞ்சாவூரில் டாக்டர் பிறகு விளக்கினார். யார் கழுவியது என்றும் கேட்டார். டீக்கடைக்காரம்மா என்றதும் சிரித்தார்.

இதற்கிடையில் என் அம்மா சுண்ணாம்பும் மஞ்சளுமாக வந்துவிட்டார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய தம்பிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2005 வாக்கில் நின்றே போய்விட்டது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு அந்தப் பதினாலுதான். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, புண்ணுல எதையும் வைக்காதீங்க, உங்க கால்ல விழறேன்" என்றார். நிஜமாகவே குனியப் போனார். அம்மா சுண்ணாம்பைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் ஆட்டோ தம்பி. முதலில் அவரை ஒரு தனியார் கிளினிக்குக்கு விடச் சொன்னது நான்தான், பக்கம் என்பதால். அங்கே ரணஜன்னி வராமலிருக்க ஒரு டிடி ஊசி போட்டார்கள். கன்னம் கிழிந்திருக்கிறது, பெண் பிள்ளை, தழும்பு நிற்கும், இப்போதே இரண்டு தையல் போட்டுவிடலாம் என்றார்கள். நான் தலையாட்டிவிட்டேன். வாசலில் நின்ற தம்பி உள்ளே வந்து, "அண்ணே, தைக்க வேணாம். எங்க அக்கா பையனுக்கு நாய் கடிச்சப்போ பெரியாஸ்பத்திரியில இதைத்தான் சொன்னாங்க, கடிச்ச இடத்தை உடனே தைக்கக் கூடாதுன்னு" என்றார். அங்கிருந்தவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவர் சட்டை செய்யாமல் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தைக்காதீங்க, உடனே கொண்டு வாங்க" என்று அந்தம்மா சொன்னதை எல்லாரும் கேட்டோம். தையல் ஊசி கிருமியை இன்னும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும், தைத்தே ஆகவேண்டிய காயமென்றாலும் கிருமியை எதிர்க்கும் சீரம் என்ற மருந்தைக் காயத்தில் போட்ட பிறகு தளர்வாகத்தான் தைப்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தழும்பு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நர்ஸம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று அட்டையில் நாள் குறித்துக் கொடுத்தீர்கள். கணக்குப் பார்த்தால் மூன்றாம் நாள் தவிர மற்ற மூன்றுமே ஞாயிறு. ஒவ்வொரு கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி, அவ்வளவுதான் மருந்து. ஒரு குப்பியை நாலைந்து பேருக்குப் பங்கு வைக்கலாம், ஆனால் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். 28ஆம் நாள் ஞாயிறன்று எங்களைத் தவிர யாருமே வரவில்லை. "நாளைக்கு வந்தால் இன்னும் ரெண்டு பேர் சேருவாங்க" என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் சரி என்று திரும்பியிருப்பேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் குப்பியை எடுத்தீர்கள்.

முதல் நாளே எங்களைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் நீங்கள்தான். ரத்தம் வந்த கடி, அதுவும் முகத்தில், மூளைக்குப் பக்கம், வெறும் தடுப்பூசி போதாது என்றீர்கள். தடுப்பூசி உடம்பில் வேலையைத் தொடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை காவலுக்குத்தான் அந்த இம்யூனோகுளோபுலின் சீரம். குதிரையிலிருந்து எடுப்பது, கிலோவுக்கு 40 யூனிட். என் மகள் 24 கிலோ, ஆக 960 யூனிட். மூன்று மில்லியும் கொஞ்சமும் வந்தது. அதைக் கையிலோ தொடையிலோ போடவில்லை, காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் போட்டார்கள். கன்னத்தில். அதற்கு மேல் எழுத முடியவில்லை. பெயர் கேட்கக்கூட விடாமல் அவள் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு கதை சொன்ன பயிற்சி டாக்டரம்மா, நன்றி. அந்தக் கதையில் வரும் பூனையின் பெயரைத்தான் வீட்டில் இப்போது எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்தது எனக்கே வெட்கமான விஷயம். திங்கட்கிழமை விடிந்ததும் கடையிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஐயா பால் வாங்கிக்கொண்டு எதிரே வந்தார். கம்பியைப் பார்த்தார். "கொன்னுட்டா பத்து நாள் யாரைப்பா பார்க்கிறது?" என்றார். எனக்குப் புரியவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து சொன்னார். நாயின் எச்சிலில் கிருமி வருவது அதற்கு நோய் தெரிவதற்குச் சில நாட்கள் முன்னால்தான். கடித்த அன்று எச்சிலில் இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய் படுத்துவிடும். பத்து நாள் கழித்தும் நன்றாகத் தின்று நடமாடினால் அந்தக் கடியில் ரேபிஸ் இல்லை. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது, ஊசி ஒருபக்கம், பார்ப்பது ஒருபக்கம். உயிரோடு இருந்தால்தான் அது சாட்சி சொல்லும் என்றார். கம்பியை அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து நாளும் பார்த்தது எட்டாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர். கிட்டே போகக் கூடாது என்று ஐயா சொன்னதால் எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து. கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறார்கள்: "இன்று கஞ்சி குடித்தது. குரைத்தது. குட்டிகளுக்குப் பால் கொடுத்தது." ஏழாம் நாளில் மட்டும், "மழை. தெரியவில்லை. சாயங்காலம் தெரிந்தது." அந்தப் பக்கத்தைக் கிழித்து வாங்கிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

அதோடு விட்டுவிடவில்லை நம் ஊர். அந்த நாட்களில் டீக்கடையில் இதே சண்டைதான். டில்லியில் நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11இல் உத்தரவு போட்டது. 22ஆம் தேதி வேறு அமர்வு அதைத் திருத்தி, நோயுள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. "எல்லாத்தையும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று அதிகம் கத்தியவன் நான். ஒரு தெருவைக் காலி செய்தால் பக்கத்து ஊர் நாய் அந்த இடத்துக்கு வரும், அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும் என்று ஐயா கேட்டார். பத்தில் ஏழு நாய்க்குத் தடுப்பூசி இருந்தால் நோய் பரவ வழியில்லாமல் நின்றுவிடுமாம். இன்னமும் எனக்கு நாய்கள் மேல் பிரியமெல்லாம் கிடையாது. ஆனால் கணக்கு புரிந்தது.

கால்நடை மருந்தக டாக்டரும், ஊராட்சித் தலைவரம்மாவும், நாய்களைப் பிடித்துத் தடுப்பூசி போட பன் ரொட்டியும் வலையுமாக இரண்டு ஞாயிறு தெருத்தெருவாக அலைந்த இளைஞர்களும் என்னைவிட ஊருக்குத்தான் உதவினீர்கள், இருந்தாலும் என் நன்றியையும் வைத்துக்கொள்ளுங்கள். கறிக்கடை பாய், கழிவை ஆற்றங்கரையில் கொட்டுவதை நிறுத்திக் குழி வெட்டிப் புதைக்கிறீர்கள், யாரும் கேட்காமலே. அங்கே கூடும் நாய்க்கூட்டம் பாதியாகிவிட்டது. செவலைக்கும் குட்டிகள் பால் மறந்த பிறகு கருத்தடை ஆயிற்று. அதற்கு அடையாளமாகக் காதோரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், பார்த்தால் தெரியும்.

குன்னூருக்கும் ஒரு வார்த்தை. 1902இல் தென்னிந்தியாவில் ஓர் இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனாள். சிகிச்சை கிடைத்த இடமோ இமயமலைப் பக்கம், கசௌலியில். அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1907இல் குன்னூரில் வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கான பாஸ்டர் நிலையம் வந்தது என்று ஐயா சொன்னார். பாரிஸில் விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885இல் முதன்முதலாக இந்த ஊசியைப் போட்ட பையனுக்கும் ஒன்பது வயதுதானாம். இதை மகளிடம் சொன்னேன். "அவன் அழுதானா?" என்று கேட்டாள்.

டீக்கடை அக்கா, அன்றைக்குப் பாதிக் கட்டிச் சோப்பு தீர்ந்துபோயிற்று. புதுசு வாங்கி வந்து மூன்று தடவை நீட்டிவிட்டேன், மூன்று தடவையும் ஒரு டீயைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். இன்று மகளிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவளிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரன்